வேலை செய்கிற வீட்டுக் குழந்தை

உட்காரம்மா. செருப்பை வெளியே விடாதே, உள்ளேயே ஓரமாக விடு. இந்தத் தெரு நாய்கள் ஒற்றைச் செருப்பாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகும். நாற்காலியில் உட்கார். தரையில் எதற்கு? இந்த வீட்டில் யாரையும் நான் தரையில் உட்கார வைத்ததில்லை. உன் அக்கா உட்கார்ந்தாள் என்றால் அது அவளாக உட்கார்ந்தது. என் பையன் இவன் தவழ ஆரம்பித்த சமயம், கீழே இருந்தால்தான் பிடிக்க வசதி என்று அவளே சொன்னாள்.

நீ தங்கச்சிதானே. நெற்றியும் மூக்கும் அப்படியே இருக்கிறது. பேர் என்ன சொன்னாய்? பச்சையம்மாள். சரி.

எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். காலேஜிலிருந்து முருகவேல் சார் போன் செய்தார். உன் அக்காவின் சர்டிபிகேட் வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். திங்கள்கிழமை பெங்களூரில் கொண்டுபோய்க் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்குத் தெரியாதா? அங்கே ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது, கோடை விடுமுறையில் மாணவர்களைக் கூப்பிட்டு லேபில் வேலை கற்றுத் தருகிறது என்று உன் அக்காவுக்குச் சொன்னதே நான்தான். சர்டிபிகேட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஹாஸ்டலில் எலி கடிக்கும், எவளாவது எடுத்து ஒளித்து வைப்பாள் என்று முதல் வருஷமே வாங்கி வைத்தேன். தர மாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். அவள் வரவில்லை. உன்னை அனுப்பியிருக்கிறாள்.

உங்கள் மலைக்கு, ஜமுனாமரத்தூருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்குத்தானே. நேரம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போ. அவள் சொன்னதை வீட்டில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நான் சொல்வதை யார் கேட்டார்கள்? காலேஜில் கேட்கவில்லை. என் கணவர்கூட, “விடு ஜெனி, வேற ஆளைப் பார்த்துக்கலாம்” என்கிறார். வேற ஆளாம். பார்த்தாயா, அவருக்கே புரியவில்லை.

இவனைக் கொஞ்சம் பிடிக்கிறாயா? குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன். வேண்டாமா? சரி, இருக்கட்டும். இவனைக் கீழே விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதுவும் ஒரு கதை, சொல்கிறேன்.

உன் அக்காவை முதலில் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் வருஷம் விலங்கியல், கடைசி பெஞ்சு. மலையிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். யாரும் துரத்துவதில்லை, அதுகளாகப் போய் உட்காரும். தவளையின் இதயம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று அறை, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கொஞ்சம் கலக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல். “மேடம், கலந்த ரத்தத்த வெச்சிக்கினு அது எப்படிங்க மேடம் அவ்ளோ தூரம் தாண்டுது?”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியை நான் படித்தபோதும் யாரும் கேட்டதில்லை, நான் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகும் கேட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீயும் பயாலஜிதானே எடுத்திருக்கிறாய்? அப்படியென்றால் உனக்குப் புரியும்.

காலேஜில் அப்போதுதான் ‘கரம்’ என்று ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தார்கள். மலைப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்கு வருகிற பிள்ளைகள், அறிவியல் பாடம் எடுத்தால் பாதிப் பேர் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. ஆங்கிலம் புரியவில்லை, ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் தெரியுமா? மாதத்துக்கு ஒரு தடவை வராண்டாவில் நிறுத்தி, “என்னம்மா, படிக்கிறியா?” “படிக்கிறேன் சார்.” முடிந்தது. நான் அப்படிச் செய்யவில்லை. பிரின்சிபாலிடம் போய், வேடியம்மாளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். இரண்டாம் வருஷம் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். யார் செய்வார்கள்?

உன் அக்காவுக்கு வேதா என்று நான்தான் பேர் வைத்தேன். வேடியம்மாள் என்று கூப்பிட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாளைக்குப் பெரிய இடத்துக்குப் போகிற பெண். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாமே?

நான் கான்வென்டில் வளர்ந்தவள். அப்பா லாரி ஓட்டினார், நான் சின்னதாக இருக்கும்போதே விபத்தில் போய்விட்டார். சிஸ்டர் கிளமென்டைன்தான் என்னைப் போர்டிங்கில் வைத்துப் படிக்க வைத்தார்கள். அங்கே டிசம்பர் மாதம் வந்தால் ஒரு விளையாட்டு உண்டு. கிறிஸ் அம்மா, கிறிஸ் பிள்ளை. சீட்டுக் குலுக்கிப் போடுவோம். உன் கையில் யார் பேர் வருகிறதோ அவள் உன் பிள்ளை. நீ யாரென்று அவளுக்குத் தெரியாது. நீ சொல்வதையெல்லாம் அவள் செய்ய வேண்டும். இன்றைக்கு முழுக்க இரட்டைச் சடை போடாதே, அசெம்பிளியில் பாடு, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் தட்டையும் கழுவு என்று துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவோம். முணுமுணுக்காமல் செய்வாள். கடைசி நாள் அம்மா வெளியே வந்து பரிசைக் கொடுப்பாள், பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும், இரண்டு பேரும் அழுவார்கள். எனக்கு அந்தக் கடைசி நாள் ரொம்பப் பிடிக்கும். வேதாவை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு மேடையில் அவள் நிற்பாள், மைக்கில் என் பேரைச் சொல்வாள், நான் எழுந்து போவேன் என்று.

அப்போது இவன் கைக்குழந்தை. எங்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. நான் கிறிஸ்டியன், அவர் வேற. பதிவுத் திருமணம். அவர் வீட்டில் வாசல்படி மிதிக்க விடவில்லை, எங்கள் அம்மா போனையே எடுப்பதில்லை. அவருக்கு ஓசூரில் கம்பெனி, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். பகலில் இவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு காலேஜ் போவேன். சாயங்காலத்திலிருந்து நானும் இவனும்தான்.

வேதா வந்து கொஞ்ச நாளில்தான் அது நடந்தது. காய்ச்சல் என்று தொட்டிலில் போட்டிருந்தேன். பால் காய்ச்சத் திரும்பினேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் கண் மேலே போய்விட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. உதடு நீலம். நான் விலங்கியலில் எம்.எஸ்சி., எம்.ஃபில். என்ன செய்தேன் தெரியுமா? கதவைத் திறந்து தெருவைப் பார்த்து நின்றேன். கத்தக்கூட வாய் வரவில்லை. உன் அக்காதான் இவனைத் தூக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, என்னையும் இழுத்து உள்ளே போட்டாள். டாக்டர், காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு வரும், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். சரியாகிவிடுமாம். அன்றிலிருந்து இவனைக் கீழே படுக்க வைக்க எனக்குக் கை வருவதில்லை. கை மரத்துப் போகும்வரை வைத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் வேதா வாங்கிக்கொள்வாள். அவள் கையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

அதனால் அவள் என்ன வேலை செய்தாள் என்று நீயே சொல். காலையில் எழுந்து சோறு வைத்துவிடுவாள். மலைப் பழக்கம், சீக்கிரம் முழிப்பு வந்துவிடுகிறது, நானா எழுப்பினேன்? பாத்திரம் கிடந்தால் கழுவுவாள். என் மகளாக இருந்தாலும் கழுவத்தானே செய்வாள். சாயங்காலம் இவனை வைத்துக்கொள்வாள், அது பாசம். இவன் துணியைத் துவைப்பாள், ஏனென்றால் அவள் துணியும் அதில்தான் கிடக்கும். இவனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள், அப்போது வீட்டில் இருந்துகொள்வாள். ஏதோ சில பிராக்டிகல் போயிருக்கும். ஆனால் வருகைப்பதிவில் ஒரு நாள்கூடக் குறையாமல் நான் பார்த்துக்கொண்டேன். டிபார்ட்மென்டில் இருப்பது நான்தானே. அப்படி ஒரு வசதி வேறு எந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது?

ஆங்கிலம் கற்றுக் கொடுத்தேன். அவள் துணி மடிப்பாள், நான் கேள்வி கேட்பேன். பார்த்ததை எழுது, பார்க்க ஆசைப்பட்டதை எழுதாதே என்று மைக்ராஸ்கோப் முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து வரையும், இவள் ஸ்லைடில் இருக்கிற கீறலையும் சேர்த்து வரைவாள். நான்கூடத் திட்டினேன். “கீறல் எதுக்கு?” “இருக்குதுங்களே மேடம்.” அப்படி ஒரு பெண்.

வா, இவனைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளேன். தோள் வலிக்கிறது. இல்லையா? கூச்சப்படாதே, யாரிடமும் போவான். சரி சரி.

நேர்காணல் நாளுக்கு வருகிறேன். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெங்களூர் இடத்துக்கு ஆன்லைனில் நேர்காணல். மதியத்துக்கு மேல். லேப்டாப் என்னுடையது. நெட் என்னுடையது. அவள் போட்டிருந்த சுடிதார் என்னுடையது, ஒரே தடவைதான் நான் உடுத்தினேன். பின்னால் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு இவன் துணியெல்லாம் கண்ணில் படாமல் ஒதுக்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் பேர் வேதா, நான் ஜவ்வாது மலையிலிருந்து வருகிறேன், என் வழிகாட்டி எனக்குத் தாய் போல, இந்த இடத்துக்கு நான் வந்ததற்கு அவரே காரணம் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

முந்தின நாள்தான் இவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. ஊசி போட்டால் சுடும், பயப்படாதீங்க என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அவருக்கென்ன. காலையிலிருந்து இவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீலமாகிறதா, நீலமாகிறதா என்று. இவனும் என்னிடம் நிற்கவில்லை, நெளிந்துகொண்டே அழுதான். “வேதா, அஞ்சே நிமிஷம், தூங்க வெச்சிரு. அவங்க கூப்பிட இன்னும் நேரம் இருக்கு” என்று அவள் மடியில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டுக்கொள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். நம் ஊரில் யார் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிறார்கள்?

நான் போய் இவனைத் தூக்கியிருக்கலாம் என்கிறார் என் கணவர். எப்படித் தூக்குவது? நான் உள்ளே போனால் கேமராவில் தெரிவேன். பக்கத்தில் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால்? அவள் வாய்ப்புத்தானே கெடும்? அவளுக்காகத்தான் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு ஆண்கள், ஒரு பெண். முதலில் ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள். இவள் தடுமாறினாள். மடியில் இவன் சிணுங்குகிறான், ஒரு கையால் தட்டிக்கொடுக்கிறாள், எழுதிக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது போல. அந்தப் பெண்மணி தமிழ் தெரிந்தவர். “தமிழ்லயே சொல்லுங்க, நாங்க புரிஞ்சுக்கறோம். உங்க பேரு?” என்று கேட்டார். “வேடியம்மாள்ங்க மேடம்.”

எனக்கு அப்போதே சுருக்கென்றது.

“குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? நெத்தியில ஈரத்துணி போட்டிருக்கீங்க?”

“லேசா காய்ச்சல்ங்க மேடம்.”

“ஐஸ் தண்ணியா?”

“இல்லீங்க, சாதாத் தண்ணி.”

“ஏன், ஐஸ் தண்ணின்னா இன்னும் சீக்கிரம் சூடு இறங்காதா?”

இவள் யோசித்தாள். “ஜில்லுனு பட்டா தோல்ல இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிடும்ங்க மேடம். உள்ளாற இருக்கிற சூடு தோலுக்கு வராது. சாதாத் தண்ணின்னா ஆவியாப் போறப்ப சூட்டையும் எடுத்துக்கினு போவும்.”

“பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் ஒரே வேகத்துலதான் இறங்குமா?”

“குழந்தைக்கு சீக்கிரம் இறங்கும்ங்க. எடைக்குப் பார்த்தா அதுக்குத் தோலு அதிகம்.” கொஞ்சம் நிறுத்தி, “அதனாலயே சீக்கிரம் ஜில்லிட்டும் போயிடும்ங்க. பார்த்துக்கினே இருக்கணும்.”

யார் சொல்லிக் கொடுத்தது அதை? நான். குளியல் சோப்பை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய கட்டி, சின்னக் கட்டி என்று வெட்டி வைத்து, எதற்குப் பரப்பு அதிகம் பாருங்கள் என்று நடத்தினேன். கதவுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெருமையில். அந்தப் பெண்மணி சிரித்தார். சிரித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார், “குழந்தை யாரு, உங்க தம்பியா?”

“இல்லீங்க மேடம். நான் வேலை செய்யுற வீட்டுக் குழந்தை.”

இப்படித்தான் சொன்னாள். குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை. ஒரு வருத்தத்தோடு சொல்லியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும், ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டாள் என்று. வெளியே மழை பெய்கிறது என்பது மாதிரிச் சொன்னாள். அதற்கு மேல் அவர்கள், “எப்ப படிப்பீங்க?” “குழந்தை தூங்கினப்புறம்ங்க.” அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேலை என்றால் சம்பளம் இருக்க வேண்டாமா? நான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தேனா? ஒரு நாளாவது கொடுத்தேனா? அப்புறம் எப்படி அது வேலை ஆகும்?

அன்றைக்கு ராத்திரி அவள்தான் தோசை ஊற்றினாள். நானும் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் கேட்டுவிட்டேன். “ஏன் அப்படிச் சொன்ன?”

“எப்படிங்க மேடம்?”

“வேலை செய்யுற வீடுன்னு.”

“கேட்டாங்க, சொன்னேங்க மேடம்.”

“மகள் மாதிரி இருக்கேன்னு சொல்லியிருக்கலாமே. என்ன குறைஞ்சிருக்கும்?”

யோசித்தாள். எதைக் கேட்டாலும் யோசிப்பாள் இல்லையா, அந்த மாதிரி. “நீங்கதானுங்களே மேடம் சொல்லிக் குடுத்தீங்க. பாத்தத சொல்லணும்னு.”

என் பாடத்தை எடுத்து என் முகத்திலேயே வீசினாள்.

இடம் கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தகவல் வந்தது. பிரின்சிபாலுக்கு வேறு தகவல் வந்தது. அந்தப் பெண்மணி போனில் கேட்டிருக்கிறார், உங்கள் மாணவி ஒருத்தி வீட்டு வேலைக்கு இருந்துகொண்டு படிக்கிறாள் போலிருக்கிறது, காலேஜில் விடுதி இல்லையா என்று. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். “ஜெனிட்டா, நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும். ஆனா இனிமே எந்தப் பிள்ளையும் ஆசிரியர் வீட்ல தங்க வேண்டாம்.” அவ்வளவு மெதுவாகப் பேசினார். என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ‘கரம்’ பொறுப்பை என்னிடமிருந்து வாங்கி முருகவேல் சாரிடம் கொடுத்துவிட்டார். ஒரு பிள்ளையைக்கூட ஒரு வாய் காபிக்கு வீட்டுக்குக் கூப்பிடாத மனுஷர். அவர் ஹாஸ்டலில் மேஜை விளக்கு வாங்கிப் போட்டாராம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருகிறாராம், அதற்கு எல்லாரும் ஆஹா ஓஹோ.

ஸ்டாஃப் ரூமில் கௌசல்யா என்று ஒருத்தி, தாவரவியல். எல்லார் முன்னாலும் கேட்கிறாள். “என்ன ஜெனி, இனிமே துணி துவைக்க மெஷின்தான் வாங்கணும் போல?” எல்லாரும் சிரித்தார்கள். மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. ஓட்டினால் சத்தத்தில் இவன் எழுந்துகொள்வான் என்றுதான் போடுவதில்லை. அதை அவளிடம் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள்.

பிரின்சிபால் சொன்ன அன்றைக்கே உன் அக்கா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது இவனைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். என்னிடம், “வரேங்க மேடம்” என்றாள். அவ்வளவுதான். கிறிஸ் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று சொன்னேன் இல்லையா. “வரேங்க மேடம்.”

எனக்கு மட்டும் யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லையா? சிஸ்டர் கிளமென்டைன் அறையை நான்தான் பெருக்கினேன். பூசைத் துணியெல்லாம் இஸ்திரி போட்டேன். வயசான சிஸ்டர்களுக்குக் கால் பிடித்துவிட்டிருக்கிறேன், மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு. என் சர்டிபிகேட் எல்லாம் சிஸ்டருடைய பீரோவில்தான் இருந்தது, எம்.ஃபில் முடித்த பிறகும். கல்யாணம் என்று நான் போய்ச் சொன்னதும், “இதுக்காகவா உன்னை வளர்த்தேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சர்டிபிகேட்டையும் தரவில்லை. வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்துவிட்டது, கான்வென்ட் பார்லரில், வருகிறவர்களை உட்கார வைக்கிற அறையில், போய்ப் போய் நின்றேன். சிஸ்டர் ஜெபத்தில் இருக்காங்க, சிஸ்டர் ஊருக்குப் போயிருக்காங்க. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அழுதேன். அப்புறம் தந்தார்கள். தராமலா இருப்பார்கள்? ஆனால் ஒன்று. கான்வென்டில் நான் வேலை செய்தேன் என்று யாரிடமாவது சொன்னேனா? அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்குமா? அதுதான் நன்றி. உன் அக்காவுக்கு அது இல்லை.

ஏன் எழுந்துவிட்டாய்? மணி ஐந்தரைகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.

தருகிறேன். தர மாட்டேன் என்றேனா? ஒன்றே ஒன்று சொல். அவள் பிரின்சிபாலுக்கு ஒரு வரி எழுதட்டும். நான் அந்த வீட்டில் மகள் மாதிரி இருந்தேன், வேலைக்கு இல்லை என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொண்டு வரட்டும், அவளே வரட்டும், வந்து சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போகட்டும். சனிக்கிழமைதானே நாளைக்கு, திங்கள்கிழமைக்குள் பெங்களூர் போய்விடலாம். இது நிபந்தனை இல்லையம்மா. நிபந்தனை என்று போய்ச் சொல்லிவிடாதே. ஒரு வரிக்கு அவள் கை தேய்ந்துவிடுமா?

என்ன? எழுத மாட்டாளா? நீயே சொல்கிறாய். அவளிடம் கேட்காமலே சொல்கிறாய்.

சரி. நிற்காதே. எடுத்துத் தருகிறேன். இவனைப் பிடி. பீரோக் கதவு இறுகிக் கிடக்கிறது, இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். இவனை ஒரு நிமிஷம் பிடி.

ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாய்?

பிடியம்மா. கடிக்க மாட்டான். வந்ததிலிருந்து பார்க்கிறேன், இவன் பக்கம் கையே நீட்டவில்லை நீ. சின்னப் பிள்ளையைக் கண்டால் யாராவது இப்படி நிற்பார்களா? உனக்குக் குழந்தை பிடிக்காதா? பிடிக்குமா? அப்புறம் என்ன?

அவள் சொன்னாளா?

சொல். என்ன சொல்லி அனுப்பினாள்? பரவாயில்லை, சொல்.

“மேடம் குழந்தையக் குடுப்பாங்க. வாங்கிடாத. வாங்கினா பஸ்ஸ உட்டுடுவ.”

இப்படியா சொன்னாள்?

சிரித்துக்கொண்டு சொன்னாளா, கோபமாகச் சொன்னாளா? சும்மா சொன்னாளா. ஆமாம். அவள் எதையுமே சும்மாதான் சொல்வாள்.

இவனைப் பற்றியா அப்படிச் சொன்னாள்? முத்தம் கொடுத்துவிட்டுத்தானே போனாள்?

சாவி அங்கே இருக்கிறது, மாதா படத்துக்குப் பின்னால். கைவிட்டுப் பார். நீயே திற. என்னால் முடியாது, இவனைக் கீழே வைக்க முடியாது என்னால். நடுத்தட்டில் நீலக் கவர், மேலே வேதா என்று எழுதியிருக்கும். அதுதான். பிரித்துப் பார்க்கிறாயா? பார். ஒவ்வொன்றாக எண்ணிப் பார். எல்லாம் சரியாக இருக்கும், ஒரு மடிப்புக்கூட விழாமல் வைத்திருக்கிறேன். அதையாவது அவளிடம் சொல்.

நீ பன்னிரண்டாவதில் என்ன மார்க் எதிர்பார்க்கிறாய்? பயாலஜி நன்றாக வருமா? ரிசல்ட் வந்ததும் யோசித்துச் சொல். அவள் இருந்த அறை சும்மாதான் கிடக்கிறது. பிரின்சிபால் சொன்னது காலேஜ் பிள்ளைகளுக்குத்தான். நீ இன்னும் சேரவில்லையே.

சரி. பதில் சொல்ல வேண்டாம். போ, பஸ் போய்விடும்.

பச்சையம்மா, ஒரு நிமிஷம். இவன் உடம்பு கொஞ்சம் சுடுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. எனக்கு எப்போதும் சுடுகிற மாதிரியேதான் இருக்கிறது, என் கையை நம்ப முடியவில்லை. அவர் நாளைக்கு ராத்திரிதான் வருவார். நீ கையில் வாங்க வேண்டாம். அங்கிருந்தே, கழுத்துக்குக் கீழே தொட்டு மட்டும் பார்.

சுடவில்லையா? நிஜமாகவே இல்லையா?

சரி. நீ போ. கதவைச் சாத்தாதே. திறந்தே இருக்கட்டும், தெருவில் ஆள் போவது தெரியும்.